மலைக்கோயிலும் மலையடி ஊரும்

மலையின் மீது கோயில் அமைத்து வழிபடுதல் நம் நாட்டு மக்களின் தொன்றுதொட்ட வழக்கமாகும். கோயில் மலைமேல் இருப்பினும், அதை நாடி வருவோர்க்குத் தண்ணீரும், உணவும், தங்குமிடமும் அளிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மலையடியில் உள்ள ஊரையே சார்ந்து நிற்கிறது. ஊருக்கு வருவாய் வருவதும் அக்கோயிலால்தான். ஊரின் சாக்கடை நிரம்புவதும் அக்கோயிலுக்கு வரும் கூட்டத்தால்தான். இத்தகைய ஊர்கள் நம் மாநிலத்திலும் பல உண்டு. ஆதலின், வட கோடியில் உள்ள ஒரு புகழ் பெற்ற மலைக்கோயிலையும் அதன் அடிவார ஊரையும் எடுத்துக்கொண்டு, அங்கு நடந்தவற்றை ஆராய்வது நம் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயன் தருவதாகும். அக்கோயில் ஜம்மு காஷ்மீரத்திலுள்ள வைஷ்ணோ தேவி ஆலயம். அதன் அடிவார ஊர் கட்ரா.

ஸ்தலத்தின் இருப்பிடம்

ரியாசி ஜில்லாவில், மூன்று சிகரங்களை உடைய திரிகூட மலையின் அடிவாரத்தில் கட்ரா அமைந்துள்ளது. தேவியின் குகை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. கட்ராவிலிருந்து குகைக்கு மலைப்பாதையாகச் சுமார் 12 அல்லது 13 கிலோமீட்டர் ஏறிச் செல்லவேண்டும். பாண கங்கை, சரண பாதுகை, அர்த்தகுமாரி ஆகிய இடங்கள் வழியில் உள்ளன. குகையினுள் செதுக்கிய சிலை எதுவும் இல்லை. இயற்கையாய் அமைந்த மூன்று பாறை வடிவங்களே மகாகாளி, மகாலட்சுமி, மகாசரஸ்வதி என வழிபடப் பெறுகின்றன. பாதை இரவு முழுவதும் விளக்கொளியில் இருப்பதால், வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே ஏறுவோர் பலர்.

தமிழ்நாட்டிற்கும் கட்ராவுக்கும் இன்று நேரடித் தொடர்பு உண்டு. கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் மூன்று இரவுகள் ஓடிக் கட்ரா நிலையத்தை அடைகிறது. உதம்பூரிலிருந்து கட்ரா வரையிலான ரயில் பாதை 2014 ஜூலை 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் யாத்திரிகர்கள் ஜம்மு அல்லது உதம்பூர் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பஸ்ஸில் கட்ரா சேர்ந்தனர்.

ஸ்தல வரலாறு

தேவி தென்னாட்டில் இரத்தினாகரர் என்பவரின் இல்லத்தில் பிறந்து, தவம் புரிவதற்காக வடக்கே திரிகூட மலைக்குச் சென்றாள் என்று ஸ்தல வரலாறு கூறுகிறது. மலையடியில் உள்ள ஹன்சாலி கிராமத்தில் ஸ்ரீதரர் என்ற ஏழை பக்தர் வாழ்ந்தார். ஊரார் அனைவருக்கும் அன்னமிடும்படி தேவி ஒரு சிறுமி வடிவில் வந்து அவருக்குக் கட்டளையிட்டு, விருந்தையும் தானே நடத்தி வைத்தாள். அங்கு வந்த பைரவநாதன் தேவியைப் பின்தொடர, அவள் மலையேறி, அர்த்தகுமாரியில் உள்ள சிறு குகையில் ஒன்பது மாதம் மறைந்திருந்து, இறுதியில் பெரிய குகையின் வாயிலில் அவனை வதைத்தாள். உயிர் நீங்கும் தறுவாயில் அவன் மன்னிப்பு வேண்டவே, தன்னைத் தரிசிக்க வருவோர் அவனையும் தரிசித்தாலன்றி யாத்திரை நிறைவு பெறாது என்று வரம் அளித்தாள். இன்றும் யாத்திரிகர்கள் தேவியைத் தரிசித்தபின் மேலே உள்ள பைரவர் கோயிலுக்குச் சென்றே திரும்புகின்றனர்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. ஊரில் ஒருவரும் பசித்திராமல் விருந்தளிக்க முற்பட்ட கிராமத்து மனிதர் ஒருவரிடமிருந்தே ஸ்தலத்தின் பெருமை தொடங்குகிறது. வந்தவர்க்கு வசதி செய்தல் அந்த ஊரின் முதற் கடமையாக அன்றே கூறப்பட்டுவிட்டது.

1986-க்கு முன்னும் பின்னும்

நெடுங்காலம் ஆலயத்தின் காணிக்கை, பாரிதார்கள் எனப்படும் பரம்பரை உரிமையாளர்களிடம் முறை வைத்துப் பகிரப்பட்டு வந்தது. டோக்ரா மன்னர் மரபினர் நிறுவிய தர்மார்த்த அறக்கட்டளையும் ஆலய நிர்வாகத்தில் பங்கு கொண்டிருந்தது. ஆயினும், பாதையின் செப்பம், விளக்கு, குடிநீர், கழிப்பிடம் முதலியவை வருவோரின் தொகைக்கு ஏற்றவாறு வளரவில்லை என்ற குறை பரவலாக இருந்தது. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அப்போதைய கவர்னர் ஜக்மோகன் அவர்களின் காலத்தில், சட்டத்தின் மூலம் ஓர் ஆலய வாரியம் அமைக்கப்பட்டு நிர்வாகம் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரிதார்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். சட்டம் செல்லத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. பரம்பரையாகப் பெற்றுவந்த பிழைப்பை இழந்த தங்களுக்குத் தக்க மறுவாழ்வு வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை அதன் பின்னும் நீடித்தது. ஜம்மு காஷ்மீரம் 2019-இல் யூனியன் பிரதேசமான பின், துணைநிலை கவர்னர் வாரியத்தின் தலைவராக இருந்து வருகிறார்.

வாரியம் ஏற்பட்ட பின் பாதை அகலப்படுத்தப்பட்டுத் தளம் பாவப்பட்டது. வழி நெடுகக் குடிநீர்க் குழாய்களும், கழிப்பிடங்களும், மழைக்கு ஒதுங்கும் கூரைகளும், மருத்துவ நிலையங்களும் தோன்றின. காணிக்கைப் பணத்தின் ஒரு பகுதி சுற்று வட்டாரத்திற்கும் திரும்பியது. கட்ராவை அடுத்த ககிரியாலில் 2004-ஆம் ஆண்டு முதல் ஒரு பல்கலைக்கழகம் நடைபெறுகிறது. 2016-இல் உயர்தர மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. மழையை நம்பி மக்காச்சோளமும் கோதுமையும் பயிரிட்டு வாழும் மேட்டு நிலத்து மக்களுக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

கூட்டத்தின் கணக்கு

1986-இல் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேர் வந்தனர். 2012-இல் இத்தொகை ஒரு கோடியைத் தாண்டியது. கொள்ளை நோயின் காரணமாக ஆலயம் பல மாதங்கள் மூடப்பட்டிருந்த 2020-இல் இது சுமார் 17 லட்சமாகக் குறைந்தது; 2023-இலும் 2024-இலும் மீண்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 95 லட்சமாக உயர்ந்தது.

95 லட்சத்தை 365 நாட்களுக்குப் பகிர்ந்தால், நாள் ஒன்றுக்கு 26,000 பேர் ஆகின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கட்ராவின் மக்கள் தொகை பத்தாயிரத்தை எட்டவில்லை. அதாவது, குடியிருப்போரைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டோர் அன்றாடம் விருந்தினராக அவ்வூரில் வந்து இறங்குகின்றனர். நவராத்திரி நாட்களிலும், கோடை விடுமுறையிலும், ஆங்கில வருடப் பிறப்பன்றும் கூட்டம் இச்சராசரியை வெகுவாக மிஞ்சுகிறது.

இதைப் பஞ்சாயத்து நிர்வாகியின் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். குளிக்கவும், குடிக்கவும், கழிப்பிடத்திற்குமாக ஆள் ஒன்றுக்கு 20 லிட்டர் போதும் என்று சிக்கனமாகவே வைத்துக்கொண்டாலும், 26,000 பேருக்கு நாள்தோறும் 5 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் தண்ணீர் தேவை. இவ்வளவு தண்ணீரும் அழுக்கு நீராக வெளியேறும். அதற்கும் போக்கிடம் வேண்டும். பள்ளத்தில் ஓடும் பாண கங்கை தேவி அம்பெய்து வரவழைத்த நீர் எனப் போற்றப்படுவது. புனித நீராடும் அந்த ஓடையில் மனிதர் கழிவும் விலங்கின் கழிவும் கலக்காதவாறு காப்பதே மலையடி ஊருக்குள்ள கடினமான வேலையாகும்.

குதிரைகளும் சுகாதாரமும்

நடக்க இயலாதோர் மட்டக் குதிரையிலோ பல்லக்கிலோ செல்கின்றனர். குழந்தைகளையும் மூட்டைகளையும் முதுகில் சுமந்து ஏறும் கூலியாட்களை அங்கே 'பிட்டு' என்று அழைப்பர். இவர்கள் அனைவரும் பதிவு பெற்றவர்கள், கூலியும் நிர்ணயிக்கப்பட்டதாகும். குதிரைக்காரர்களில் முஸ்லிம் குடும்பத்தினர் பெருந்தொகையினர். இந்துக்களின் தேவி ஸ்தலத்திற்கு யாத்திரிகர்களைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றிச் செல்வதே அவர்களுடைய தொழில்.

ஒரு குதிரை நாளொன்றுக்குப் பத்துக் கிலோ லத்தி இடுவதாகக் கொண்டால், ஆயிரம் குதிரைகள் 10 டன் லத்தியைப் பாதையில் இடும். மழை பெய்தால் அது வழுக்கலாகிறது. பின்னர் ஓடையில் போய்ச் சேருகிறது. இக்குறை தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது. 2017 நவம்பரில் அத்தீர்ப்பாயம், நாள் ஒன்றுக்கு 50,000 யாத்திரிகர்களுக்கு மேல் அனுமதித்தல் கூடாது என்றும், கட்ராவில் குப்பை கொட்டுவோர்க்கு 2,000 ரூபாய் அபராதம் விதிக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. 2018 மே மாதம் தாராகோட் வழியாக நடப்பவர்களுக்கென்றே குதிரை நுழையாத ஒரு தனிப் பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் குகைக்கும் பைரவர் கோயிலுக்கும் இடையே கம்பிவட ஊர்தியும் ஓடத் தொடங்கியது.

பிழைப்பைப் பற்றிய வழக்கு

வசதி பெருகும்போது ஒருவரின் நன்மை மற்றொருவரின் நஷ்டமாதலும் உண்டு. தாராகோட்டிலிருந்து சாஞ்சிசத் வரை மற்றொரு கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதும், 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் கட்ராவில் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடைபெற்றன. கடைக்காரர்களும், குதிரைக்காரர்களும், பல்லக்குத் தூக்குவோரும், பிட்டுக்களும் இதில் ஒன்று சேர்ந்தனர். முதியோரும் நோயாளரும் 13 கிலோமீட்டர் ஏற இயலாததால் ஊர்தி அவசியம் என்பது வாரியத்தின் வாதம். பாண கங்கை வழியாகச் செல்லும் பழம்பாதையையும் கடைத்தெருவையும் ஒதுக்கிவிட்டு யாத்திரிகர்கள் மேலே சென்றுவிட்டால், பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிடும் என்பது ஊராரின் வாதம். ஆண்டின் இறுதியில் பேச்சு வார்த்தையின் பேரில் போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இவ்விரு வாதங்களிலும் நியாயம் இருக்கிறது. முழங்கால் வலியோடு வரும் மூதாட்டியின் தேவையை மறுத்தல் தகாது. இருபது ஆண்டுகள் பல்லக்குச் சுமந்த தோளுக்கு வேறு வேலை காட்டாமல் அதனை ஓய்வு பெறச் செய்தலும் தகாது. திட்டம் தீட்டி முடிந்தபின் ஊராரை அழைத்துப் பேசுவதைவிட, திட்டம் தீட்டும்போதே அழைத்துப் பேசுவது செலவும் குறைவு, கசப்பும் குறைவு.

இரண்டு விபத்துக்கள்

மலைக்கோயிலை உடைய ஊரார் அனைவரும் நினைவில் வைக்கவேண்டிய இரு நாட்கள் உண்டு. முதலாவது, 2022 ஜனவரி 1. வருடப் பிறப்பை முன்னிட்டுத் திரண்ட கூட்டத்தில், விடியலுக்கு முன் இருளில், குகையின் அருகில் நெரிசல் ஏற்பட்டு 12 பேர் உயிரிழந்தனர். குறுகிய இடத்தில் தரிசிக்கச் செல்வோரும் தரிசித்துத் திரும்புவோரும் எதிரெதிரே சந்திக்கும்போது, ஓர் இடத்தில் எழும் சிறு தள்ளுமுள்ளு கண நேரத்தில் கூட்டம் முழுவதையும் பற்றிக்கொள்கிறது. அவ்வாண்டிலேயே யாத்திரிகர் ஒவ்வொருவருக்கும் மின்னணு அடையாள அட்டை வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. மலைமேல் எந்த நேரத்தில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை அறிய இது உதவுகிறது.

இரண்டாவது, 2025 ஆகஸ்டு 26. ஜம்முப் பிரதேசமெங்கும் பெருமழை கொட்டியது. ஜம்மு நகரில் மட்டும் 24 மணி நேரத்தில் 380 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று பிற்பகல் அர்த்தகுமாரி அருகே மலைச்சரிவு இடிந்து பாதையின் மீது விழுந்ததில் 34 பேர் மாண்டனர். யாத்திரை மூன்று வாரங்களுக்கு மேல் நிறுத்தப்பட்டு, செப்டம்பர் 17-ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. எச்சரிக்கை இருந்தும் யாத்திரை உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டதா என்ற கேள்வி எழுந்தது. விபத்துக்கு முன்னரே யாத்திரையை நிறுத்திவிட்டதாக வாரியம் கூறியது. விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

சரிவு இடிவதன் காரணத்தை விவசாயிகள் எளிதில் உணர்வர். மலைச்சரிவின் அடியை வெட்டிப் பாதை அமைக்கும்போது, மேலே உள்ள மண்ணைத் தாங்கி நின்ற பகுதி குறைந்துவிடுகிறது. திரிகூட மலையின் சுண்ணாம்புப் பாறையில் விரிசல்கள் உண்டு. அதன் மேல் தளர்ந்த மண்ணும் கல்லும் படிந்திருக்கும். நீடித்த மழையில் நீர் விரிசல் வழியே இறங்கி, மண்ணின் எடையை ஏற்றி, பாறையோடு அதற்கிருந்த பிடியையும் தளர்த்துகிறது. வயல் வரப்பில் தண்ணீர் தேங்கினால் வரப்பு உடைவதைப் போன்றதே இதுவும். மேல் சரிவில் விழும் நீரைத் தடுத்துப் பக்கவாட்டில் கொண்டு செல்லும் வடிகால்களும், வேரூன்றிய மரங்களும், அடித் தடுப்புச் சுவரும் அபாயத்தைக் குறைக்கும். எனினும், பெருமழை நாளில் பாதையை மூடுவதைத் தவிர நிச்சயமான பாதுகாப்பு வேறில்லை.

நம் ஊர்கள் மேற்கொள்ள வேண்டியவை

மலைக்கோயில் உள்ள நம் பஞ்சாயத்துக்கள் கட்ராவின் அளவுக்குக் கூட்டத்தைச் சமாளிக்கவேண்டிய நிலையில் இல்லை. ஆயினும், திருவிழா நாளில் ஐயாயிரம் பேர் கூடும் சிற்றூருக்கும் இவ்வனுபவம் பொருந்தும். பின்வரும் காரியங்களை நம் உறுப்பினர்கள் கவனித்தல் நலம்.

முதலாவதாக, வருவோரைக் கணக்கிடுதல். சென்ற ஆண்டு எத்தனை பஸ்கள், எத்தனை வண்டிகள், எத்தனை பேர் என்று குறித்து வைத்தால்தான், இவ்வாண்டு எத்தனை கழிப்பிடம், எத்தனை தொட்டி நீர் தேவை என்று சொல்ல முடியும். குறுகலான படிக்கட்டும் கருவறை வாயிலும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதையும் அறிந்து, அதற்கு மேற்பட்டோரை அடிவாரத்திலேயே நிறுத்தி வைத்தல் வேண்டும். ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும் தனித்தனி வழி அமைத்தல் மிக அவசியம்.

இரண்டாவதாக, நீரும் கழிவும். கோயில் குளமும், ஊர்க் கிணறும், மலை ஓடையும் திருவிழாவுக்குப் பின் எந்நிலையில் இருக்கின்றன என்பதே ஏற்பாட்டின் தரத்தைக் காட்டும். கழிப்பிடங்களை நீர்நிலைக்கு மேற்புறத்தில் அமைத்தல் கூடாது. மாட்டுச் சாணத்தையும், வாழை இலையையும், பூக்குப்பையையும் தனியே சேர்த்துக் குழியிலிட்டால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். அதை ஏலத்தில் விட்டால் துப்புரவுச் செலவில் ஒரு பங்கேனும் தேறும்; விவசாயிக்கும் உரம் கிடைக்கும்.

மூன்றாவதாக, மழை நாள் அதிகாரம். வானிலை எச்சரிக்கை வந்தவுடன் மலைப்பாதையை மூடும் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் தீர்மானித்தல் வேண்டும். ஆணையிட வேண்டியவர் யார் என்று தேடும் நேரத்தில் சரிவு இடிந்துவிடக் கூடும். மலைமேல் மாட்டிக்கொண்டோர் ஒதுங்கும் இடம், சரிவின் அடியிலோ நீரோட்டத்தின் வழியிலோ அமையாதிருத்தல் வேண்டும். மழைக் காலத்துக்கு முன் வடிகால்களைத் தூர் வாருதலை ஆண்டுதோறும் செய்தல் வேண்டும்.

நான்காவதாக, வருவாயின் பங்கு. கடை ஏலம், வண்டி நிறுத்துமிடம் முதலியவற்றால் வரும் தொகையில், அடுத்த ஆண்டுத் திருவிழாவின் குடிநீருக்கும் சுகாதாரத்திற்கும் ஒரு பகுதியை முன்னதாகவே ஒதுக்கி வைக்கலாம். கோயில் நிர்வாகத்தோடு கலந்து பேசி, பள்ளிக்கூடத்திற்கும் மருத்துவ நிலையத்திற்கும் உதவி பெறவும் முயலலாம்.

ஐந்தாவதாக, உழைப்போரின் பிழைப்பு. புதிய சாலையோ, ஊர்தியோ, கடைத்தெரு மாற்றமோ வருமானால், பூக்கட்டும் பெண்கள், தேங்காய்க் கடைக்காரர்கள், சுமைகூலிகள் ஆகியோரைக் கிராம சபையில் அமரச் செய்து கேட்டல் வேண்டும். புதிய ஏற்பாட்டில் அவர்களுக்கு எவ்விடம் என்பதற்கு விடை கண்ட பின்னரே வேலையைத் தொடங்குதல் முறையாகும்.

2025 ஜூன் 6-ஆம் தேதி கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இதுவரை பாதையின் முடிவாக இருந்த கட்ரா, இனிப் பாதையின் நடுவே உள்ள நிலையமாயிற்று. வருவோர் பெருகுவர் என்பாரும், தங்காமல் கடந்து செல்வர் என்பாரும் அவ்வூரிலேயே உள்ளனர். எவ்வாறாயினும், குதிரைக்காரரும், கடைக்காரரும், நகராட்சியும், வாரியமும் ஒன்றுகூடி முடிவு செய்யவேண்டிய காரியங்கள் அவ்வூரில் பல காத்திருக்கின்றன. நம் ஊர் மலைக்கோயில்களின் அடுத்த திருவிழாவுக்கு இன்னும் சில மாதங்களே இருக்கலாம். மேலே கூறிய ஐந்து காரியங்களையும் வரும் பஞ்சாயத்துக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்து, பொறுப்பாளர்களின் பெயரோடு தீர்மானம் செய்து வைப்பார்களாயின், தரிசித்துத் திரும்பும் ஒவ்வொருவரும் நலமாக வீடு சேர்வர் என்பது நமது நம்பிக்கை.